தலையணைச் செடியருகே இருந்தவர்

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு கோடை. ஒஸ்லோவின் தோயன் தாவரவியல் பூங்காவில் அவரை அடிக்கடி கண்டேன். வெளிறிய நீல ஜக்கெட், சவரம் செய்யாத முகம். வாங்குப் பலகையில் ஒரு பக்கமாகச் சரிந்து இருப்பார். எழும்பிப் போகும்போது, பாறையிடுக்கில் பச்சைத் தலையணை போலப் படர்ந்திருந்த ஒரு மலைச்செடியை உள்ளங்கையால் மெதுவாக அழுத்திப் பார்ப்பார்.

தமிழரைக் கண்டால் நாங்கள் எல்லோரும் கேட்பதையே நானும் ஒருநாள் கேட்டேன்.

“அண்ணை, இப்ப என்ன வேலை செய்யிறியள்?”

“ஒண்டுமில்லை. கிளீனிங் செய்து நாரி போட்டுது, இடுப்பு நிமிர்த்தேலாது. டொக்டர் வேலைக்குப் போக வேண்டாமெண்டிட்டார்.”

பிறகு செடியைக் காட்டினார்.

“இது மலை உச்சியிலை, குளிர்காத்துக்கை கிடக்கிற சாமான். நிமிர்ந்தால் காத்து பிச்சுப்போடும். பூக்கப் பத்து வருஷம் செல்லுமாம். அதுவரைக்கும் என்ன செய்யிறாய் எண்டு ஆரும் அதைக் கேக்கிறேல்லை.”

சொல்லிவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார்.

அடுத்த கோடையில் அந்தச் செடி வெயில் பட்ட பக்கமெல்லாம் இளஞ்சிவப்பாகப் பூத்திருந்தது. வாங்கில் அவர் இல்லை. வேலைக்குத் திரும்பிவிட்டாரா, நாரிநோவோடு வீட்டில் கிடக்கிறாரா, தெரியவில்லை. குறொன்லாண்ட் பக்கத்துத் தமிழ்க் கடைகளில் விசாரித்தால் யாராவது சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை.