சாவு விழாத தெருவில் கானா

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ராயபுரத்தில் சொந்தமாக வெல்டிங் பட்டறை போட்டேன். உனக்கெல்லாம் எதற்கு என்று சிரித்தவர்கள் எதிரிலேயே மாடி வீடு கட்டினேன். இரண்டு பெண்களைக் கல்லூரிக்கு அனுப்பினேன். எங்கள் தெருவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை உண்டாக்கிக் கொடுத்தேன். முதல் மூன்றுக்கும் இதுவரை எவனும் பங்கு கேட்டதில்லை. நான்காவதைத்தான் நேற்று முச்சந்தியில் பேனர் கட்டித் திருடிவிட்டார்கள்.

‘கானாவைத் தெருவுக்குக் கொண்டுவந்த எங்கள் மன்றம்’ என்று போட்டிருந்தது. நேற்றுப் பெய்த மழைக்கு முளைத்த மன்றம்! பேனரின் பெயிண்ட் நெடி மூக்கில் ஏறியதும் எனக்குக் கப்பல் ஞாபகம் வந்துவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில் சரக்குக் கப்பலில் ஃபிட்டராகப் போனேன். இத்தாலியில் ஜெனோவா துறைமுகத்தில் சில வாரம், பழுது பார்க்க மால்டா தீவில் இரண்டு மாதம். இத்தாலிக்காரனுக்குச் சாயங்காலம் என்றால் நடைதான். இஸ்திரி போட்ட சட்டையில், குடும்பத்தோடு, தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பான். நடுவில் ஒரு கிளாஸ், கொஞ்சம் கொறிக்க. பார்க்க அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆட்டம் பாட்டமெல்லாம் கதவு போட்ட கிளப்புக்குள். என் ரப்பர் செருப்பைப் பார்த்துவிட்டு வாசலோடு அனுப்பினான் ஒருவன். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

மால்டாவிலும் வெளியூர்ப் பிள்ளைகள் வந்து குடித்து ஆடுகிற கடைவீதி உண்டு. நான் சொல்வது அதை இல்லை. அங்கே ஒரே ஊரில் இரண்டு பேண்டு மன்றம் இருக்கும், ஒன்றுக்கொன்று ஆகாது. மாதா கோயில் திருவிழா வந்தால் பேண்டு தெருத்தெருவாக நடக்கும். பால்கனியிலிருந்து காகிதத் துண்டாகக் கொட்டுவார்கள். ஊதுகிறவன் யார் என்று பார்த்தால், காலையில் என்னோடு கப்பலடியில் துரு சுரண்டியவன்! அவனுக்கு ஊரே கைதட்டுகிறது. அந்த இடத்தில்தான் எனக்கு ஏழுமலை ஞாபகம் வந்தான்.

ஏழுமலை என் தோஸ்து. மீன்பாடி வண்டி ஓட்டுபவன், குரலோ வெண்கலம். ஆனால் எங்கள் பக்கத்தில் கானாவைச் சாவு வீட்டுக்குத்தான் கூப்பிடுவார்கள். ஏழுமலை யாரைப் புகழ்ந்து பாடினானோ, அந்த ஆள் அதைக் கேட்டதே கிடையாது.

ஊர் திரும்பியதும் கேட்டேன். “மாமு, சாவு இல்லாம தெருவுல பாடுவியா?”

“ஆளே பூடாம யாரப் பத்தி பாடறது?”

“உயிரோட கீறவனப் பத்தி பாடேன்.”

ஒரு ஞாயிறு சாயங்காலம் பேண்டு செட்டோடு தெருவுக்குள் நுழைந்தோம். பாட்டு கிளம்பியதுதான் தாமதம், கதவுகளைச் சாத்தினார்கள், கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். பூக்கடை கற்பகம் அக்கா மாலையோடு ஓடிவந்தாள்.

“ஐயோ, யார்ரா பூட்டது?”

“யாரும் பூடலக்கா.”

“அப்றம் இன்னாத்துக்குடா பாடிகினு வரீங்க, கய்தைங்களா? மால கட்டிட்டேனே!”

சாவுக்கு வருகிற அதே பேண்டு, அதே குரல். சனம் வேறு என்ன நினைக்கும்? இவ்வளவு யோசித்தவன் அதை யோசிக்கவில்லை. ஏழுமலை என்னைக் காட்டிச் சொன்னான்: “இவுரு கய்த்துல போடுக்கா. இத்தாலிக்காரன் தொரத்தன பொணம்!”

மாலை என் கழுத்தில் விழுந்தது. அவன் என்னைப் பற்றியே பாடினான். என் பீற்றலை, ரப்பர் செருப்பை, ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொரு கதவாகத் திறந்தது. அடுத்த மாதத்திலிருந்து இஸ்திரிச் சட்டையோடு குடும்பங்கள் பின்னால் நடந்தன. மொட்டை மாடியிலிருந்து பெண்கள் காலண்டர் தாளைக் கிழித்துக் கொட்டினார்கள். நடை இத்தாலி, பேண்டு மால்டா, குரல் ராயபுரம். சேர்த்து வெல்டிங் வைத்தவன் நான்.

பல வருடம் நடந்தது. பிறகு தெரு முழுக்கக் கார் நின்றது, நடக்க இடமில்லை. ஏழுமலையும் போய்விட்டான், அவன் சாவுக்கு ஸ்பீக்கரில்தான் கானா போட்டார்கள். இப்போது இந்த மன்றம் அதே பாட்டை ஏசி மண்டபத்தில் வைக்கிறது, பாஸ் இருந்தால்தான் உள்ளே. மறுபடியும் அதே கதவு!

நேற்றே மன்றத்துச் செயலாளரிடம் போய்ச் சத்தம் போட்டேன். “பெர்சு, நீ இன்னா பாட்னியா, மோளம் அட்சியா? உன் பேர எதுல சேக்கறது?” என்று சிரிக்கிறான்.

எதில் சேர்ப்பதா? ஏழுமலை பெயர் முதலில் வரட்டும், அதற்கடுத்து என் பெயர் வர வேண்டும். உங்கள் மன்றத்தின் பெயர் மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும். நான் போன பிறகு மாலையோடு வந்து நிற்காதீர்கள். உயிரோடு இருக்கிறவனைப் பற்றிப் பாட வைத்தவன் நான். உயிரோடு இருக்கும்போதே என் பெயரைப் போடுங்கள்.