முகாமில் தம்பி சொன்ன பதில்

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு நாள். நெய்யூருக்குப் பக்கத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான மருத்துவ முகாமுக்கு என் தம்பியைக் கூட்டிப் போயிருந்தேன். அவனுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது; மனசு மட்டும் சின்னப் பிள்ளையாகவே நின்றுவிட்டது. அம்மா உயிரோடு இருந்தவரை அவனுக்கு மாற்றுத்திறனாளி என்று சான்றிதழ் வாங்க விடவில்லை. "எம் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்ல" என்று அடித்துச் சொல்லுவாள். அம்மா போன பிறகு அவன் என் பொறுப்பு.

நான் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சம்பளத்தில் வரி பிடிக்கிறார்களே என்று ஒருநாள் புலம்பியபோது, கணக்குப் பிரிவில் இருக்கும் தோழி பிடித்துக்கொண்டாள். "தம்பிய நீதானே பாக்குற? பழைய முறையில கணக்கு காட்டினா வரியில கழிவு உண்டு. சர்க்கார் உதவித்தொகையும் மாசாமாசம் கிட்டும். ரெண்டுக்கும் சான்றிதழ் வேணும் பாத்துக்க" என்றாள். அந்தப் பணம் வந்தால், பகலில் தம்பியோடு இருக்க ஒரு ஆளை வைக்கலாம். அதுவரை அவனை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

சும்மா கூட்டிப் போயிருக்கலாம். நான் யார், விடுவேனா? ஒரு வாரம் உட்கார்த்தி வைத்து அவனுக்கு டியூஷன் எடுத்தேன். பெயர், ஊர், கிழமை, ரூபாய் நோட்டு, ஞாயிறு பள்ளியில் படித்த வேத வசனம் வரைக்கும். டாக்டர் முன்னால் என் தம்பி முழிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

வரிசையில் எங்களுக்கு முன்னால், குளச்சலில் மீன் விற்கும் ஒரு அம்மா நடக்க முடியாத மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவனிடம் கிழமை கேட்பதைக் கவனித்தவர், "மக்கா, பரீட்சைக்கா கொண்டு போற? இப்பிடி டக்கு டக்குன்னு பதிலு சொன்னாம்னா ஒண்ணும் கிட்டாது. பேசாம இருக்கச் சொல்லு" என்றார். எனக்குச் சுள்ளென்று வந்தது. "எந் தம்பி நடிக்க மாட்டான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

உள்ளே போனதும் தம்பி வெளுத்து வாங்கினான். கேட்டதற்கெல்லாம் பதில். கேட்காமலேயே வேத வசனமும் சொன்னான். டாக்டர் சிரித்துவிட்டு, "நல்லா தேறியிருக்காரே. குறைபாட்டுச் சதவீதம் கம்மியாத்தான் வரும்போல" என்றார். தோற்க வேண்டிய பரீட்சைக்கு முதல் மார்க் வாங்கப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! அவனால் முடியாததையெல்லாம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். தேய்த்த சட்டையோடு தம்பி, பரிசு கிடைக்கப் போகிற பிள்ளை மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். பேனாவை வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினார்.

"சட்டை யாரு போட்டு விட்டா?"

"அக்கா."

"குளிக்க வைக்கது?"

"அக்கா."

"அக்கா இல்லேன்னா என்ன செய்வ?"

இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ராத்திரி படுத்தால் எனக்கே பதில் தெரியாத கேள்வி அது. தம்பி கொஞ்சம் யோசித்தான். பிறகு, இதுகூடத் தெரியாதா என்பதுபோல டாக்டரைப் பார்த்துச் சொன்னான்:

"அக்கா வருவா."

டாக்டர் அவனைப் பக்கத்து அறைக்கு விரிவான பரிசோதனைக்கு அனுப்பினார். என்னை அவனோடு போக விடவில்லை. அங்கே அவன் அவனாகவே இருந்திருப்பான். சில வாரங்களில் சான்றிதழ் வந்தது. சதவீதம் உதவிக்குத் தேவையான அளவைத் தாண்டியே இருந்தது.

இப்போது வரியில் கழிவு கிடைக்கிறது. உதவித்தொகை அவன் பெயரில் உள்ள கணக்குக்கு வருகிறது. பகலில் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் சம்பளத்துக்கு வந்து அவனோடு இருக்கிறார். பூட்டைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன். நானும் மாறித்தான் போனேன். பிரஷர் மாத்திரையை ஒருநாளும் விடுவதில்லை. ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்துத்தான் கடக்கிறேன். டாக்டரிடம் அவன் எனக்காக வாக்குக் கொடுத்துவிட்டானே, நான் வந்துதானே ஆக வேண்டும்.