காற்றுப் படாத அலமாரி

தையல்காரிக்கு வாய்த்த கணவரைத் தெருவே தக்கைக்காரர் என்றுதான் சொல்லும். உத்தியோகம் பல்செட் செய்வது. பைத்தியம், பாட்டில் தக்கையைப் பிடுங்கும் பழைய திருகிகளைச் சேர்ப்பது. மனிதர் சோடா குடித்தாலே நெஞ்சைக் கரிக்கிறது என்று புலம்புவார். அவர் வீட்டில் அத்தனை திருகி.

சும்மா திருகி இல்லை, பொம்மைப் பிடி போட்டவை. கடற்கன்னி, கிளி, கோமாளி, கோடுபோட்ட காலுறை மாட்டிய இரண்டு பெண் கால்கள். விருந்தாளி வந்தால் கால்கள்மேல் மட்டும் ஒரு துணியைப் போட்டுவிடுவாள் தையல்காரி. பிடியெல்லாம் செல்லுலாய்ட், இன்றைய பிளாஸ்டிக்குக்கெல்லாம் பாட்டன். வெயில் பட்டால் வெளுக்கும், பொறி பட்டால் குப்பென்று பற்றும். அதனால் முன்னறை ஜன்னலை ஆணியடித்து மூடி, கறுப்புத் துணி தொங்கவிட்டிருந்தார். கண்ணாடி அலமாரிக் கதவின் இடுக்கெல்லாம் ரப்பர் பட்டை. வீட்டில் எந்நேரமும் ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அவரோ காலையில் வேலைக்குப் போய்விடுவார். அந்த ஆள் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

அந்த முன்னறையிலேயே பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊரார் சட்டைகளைத் தைத்துக்கொண்டிருந்தாள். நூல் வாங்கப் போனால்கூட ஓட்டமும் நடையுமாகத் திரும்புவாள். "மூச்சு முட்டுதுங்க, அந்த ஜன்னலத் திறந்தா என்ன?" என்றால், "ஃபேன் போட்டுக்கயேன்" என்பார். கெட்டவர் இல்லை, அதுதான் கொடுமை. கை ஓங்கியதில்லை, சாப்பாட்டில் குறை சொன்னதில்லை. இப்படிப்பட்டவரைப் பற்றி யாரிடம் போய் முறையிடுவது?

வெளியூரில் தனியாக இருந்த அவளுடைய அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். "கொஞ்ச நாள் வந்து கூட இருடி, உன்ன விட்டா எனக்கு யாரு" என்று போனில் அழுதாள். தையல்காரி அன்றைக்கே பெட்டியைத் தூசி தட்டினாள்.

"அப்ப இதுங்கள யாரு பாத்துக்கிறது?" என்றார் தக்கைக்காரர். பிறகு அவருக்கே மனசு கேட்கவில்லை. "சரி, நான் லீவு சொல்லிப் பாக்குறேன். நீ போயிட்டு வா."

அந்த வாரம் பார்த்துக் கடற்கன்னிக்கு வியர்த்தது. உடம்பெல்லாம் பிசுபிசுப்பு, பக்கத்திலிருந்த திருகிகளில் துரு. வெளிக்காற்று நுழைந்துவிட்டதென்று இன்னொரு ரப்பர் பட்டை ஒட்டினார். பண்டமாற்றுக்கு வந்த இன்னொரு சேகரிப்பாளர் அலமாரியைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்ன சார், இப்படியா அடைச்சு வைப்பாங்க? பழைய செல்லுலாய்ட் உள்ளுக்குள்ள ஒரு ஆவி விடும். அது வெளிய போகலன்னா இதையும் தின்னுடும், பக்கத்துல இருக்கறதையும் தின்னுடும். காத்து வேணும் சார்."

பொத்திப் பொத்தி வைத்தே கொன்றிருக்கிறார். பேயறைந்த மாதிரி நின்ற தக்கைக்காரர், ஆள் போனதும் சுத்தியலைத் தேடினார். ஆணிகளைப் பிடுங்கி, கறுப்புத் துணியைக் கிழித்தெறிந்து, மெல்லிய திரை ஒன்றைக் கட்டி ஜன்னலை விரியத் திறந்தார். காற்று வந்து தையல்காரியின் முகத்தில் மோதியது. அவளுக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது.

"காத்து வேணும்னு நான் எத்தன வருஷமா சொல்றேன்?"

அவர் நிஜமாகவே குழம்பிப்போய் அவளைப் பார்த்தார். "நீ உனக்குன்னுதானே சொன்ன. இதுங்களுக்கு வேணும்னு சொல்லலையே."

மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார், வெகு அன்பாக: "கம்பி இல்லாத ஜன்னல். எவனாவது கைய விட்டா முடிஞ்சுது. நீ இனிமே கடைக்குக்கூட அலைய வேணாம், வேணுங்கறத நானே வாங்கிட்டு வந்துடுறேன்."

"அக்கா வீட்டுக்கு?"

"இப்ப எப்படிம்மா? கொஞ்சம் பொறு."

மத்தியானம் அக்கா கூப்பிட்டாள். இவள் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் குரல் துள்ளியது.

"என்னடி, பஸ் சத்தமெல்லாம் கேக்குது? கிளம்பிட்டியா?"

"இல்லக்கா" என்றாள் தையல்காரி. "வீட்லதான் இருக்கேன். ஜன்னல் திறந்திருக்கு."