மனமுவந்து கொடுத்தவர்

சல்லி என்ற கடற்கரை ஊரில் தம்பு என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். தம்பர் என்றால் கரைவலை இழுக்கிற எல்லாருக்கும் தெரியும். எதைக் கேட்டாலும் முதலில் "ஏலாது" என்பார். வள்ளத்துக்குப் புது எஞ்சின் பூட்டுவோம் என்றபோதும் ஏலாது, மகன் தர்மிகன் கப்பல்துறை ஊர்ப் பெட்டையைக் கட்டப்போகிறேன் என்றபோதும் ஏலாது. ஒரு கிழமை விட்டுப் பார்த்தால் எஞ்சினை அவரே துடைத்துக்கொண்டு நிற்பார், சம்பந்தம் பேச அவரே முன்னுக்கு நடப்பார். அதனால் அவருடைய ஏலாதை ஊரில் யாரும் பெரிதாக எடுப்பதில்லை.

ஒரேயொரு தடவைதான் ஒரு கிழமை விட்டுப் பார்க்க நேரம் இருக்கவில்லை. போன வருஷம் நிலாவெளி வீதியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்த தர்மிகனைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் டாக்டர் கூப்பிட்டு, மூளை செத்துவிட்டது, இனி எழும்பமாட்டார், சிறுநீரகம் இரண்டையும் ஈரலையும் தந்தால் வேறு ஆட்கள் பிழைப்பார்கள் என்றார். தம்பர் மகனுடைய கையைப் பிடித்துப் பார்த்தார். சூடாக இருந்தது. நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. "ஏலாது!" என்று கத்திவிட்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது மருமகள் சிவரூபி கையெழுத்து வைத்திருந்தாள். செத்தவீடு முடிந்து அவள் கப்பல்துறையில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு இருவருக்கும் கதைபேச்சில்லை.

பதினொரு மாதம் கழித்துக் கிராம சேவகர் ஒரு கடிதத்தோடு வந்தார். உறுப்புத் தானம் செய்தவர்களின் குடும்பங்களை ரவுணில், நகர மண்டபத்தில் கௌரவிக்கிறார்களாம்.

"கையெழுத்து வைச்சது நானில்லையே ஐயா?"

"வீட்டுத் தலைவர் நீங்கள்தானே. பட்டியல்ல உங்கட பேர்தான் கிடக்கு."

எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு வருகிற அந்த ஏலாது அன்றைக்கு வாயில் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவருக்கே விளங்கவில்லை.

மண்டபத்தில் முன்வரிசைக் கதிரை கொடுத்தார்கள். உறுப்பு வாங்கிப் பிழைத்த சிலரும் இங்கே இருக்கிறார்கள், ஆனால் யாருடையது யாரிடம் என்று சொல்லமாட்டோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னதோடு தம்பருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு பெரியவர் தண்ணீர் குடித்தார். தம்பர் அவருடைய இடுப்பையே பார்த்தார். இதுக்குள்ளதான் இருக்கிறானோ? அந்த மனிதர் பாவம், அவிழ்ந்துவிட்டதாக்கும் என்று சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"பெற்ற மகனை மனமுவந்து கொடுத்த தந்தை!" என்று அறிவித்துப் பொன்னாடை போர்த்தினார்கள். இல்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தார். கைதட்டல் விடவில்லை. அது காதுக்கு நன்றாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. கும்பிட்டுவிட்டு இறங்கினார். பஸ் நிலையத்தில் சல்லிப் பக்கம் போகிற பஸ்ஸை விட்டுவிட்டுக் கண்டி வீதி பஸ்ஸில் ஏறினார்.

கப்பல்துறையில் சிவரூபி முற்றத்தில் குந்தியிருந்து, முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு நிறக் கடதாசி வெட்டிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் எழும்பினாள்.

"வாங்கோ மாமா."

அவள் போட்ட கதிரையில் அவர் இருக்கவில்லை. பொன்னாடையை எடுத்து அதில் வைத்தார்.

"இது உனக்குரியது பிள்ளை. மாறி எனக்குப் போட்டிட்டாங்கள்."

"எனக்கு வேண்டாம் மாமா." மறுபடியும் இருந்து வெட்டத் தொடங்கினாள்.

தம்பர் நின்றார். வந்தது பொன்னாடைக்காக இல்லை என்று அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

"பிள்ளை, அவன்ர கை சூடாயிருந்ததே. நீ கையெழுத்து வைக்கேக்க உயிர் இருந்ததோ? சாகமுதல் வெட்டிட்டாங்களோ?"

கத்தரிக்கோல் நின்றது.

"இல்லை மாமா. அவர் போயிட்டார். மெசின்தான் மூச்சு விட்டது எண்டு டாக்டர் ரெண்டு தரம் விளங்கப்படுத்தினவர். ஆனா கை சூடாத்தான் இருந்தது. ஒரு கையால அவர்ர கையைப் பிடிச்சுக்கொண்டுதான் மற்றக் கையால கையெழுத்து வைச்சனான்."

தம்பர் பொன்னாடைக்கு மேலேயே கதிரையில் இருந்துவிட்டார்.

"பக்கத்தில ஒருத்தரும் இல்லையோ?"

"இல்லை. நீங்கள் வெளியால போயிட்டீங்கள் மாமா."