ஒசேஜ் எண்ணெயும் புஷ்பம் அக்காவின் உயிலும்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு சொலிசிட்டரிடம், அதாவது வழக்கறிஞரிடம், கிளார்க்காகச் சேர்ந்த மூன்றாம் மாதம், ஓர் உயிலைப் பிழையாக எழுதினேன். தொண்ணூறுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் உறுதியும் உயிலும் எழுதும் நொத்தாரிசிடம் வேலை பார்த்தவன் என்ற மிதப்பு எனக்கு.

வந்தவர் லூயிஷாமில் இருந்த புஷ்பம் அக்கா, நர்ஸ். அவருடைய இரண்டாவது கணவர் அமெரிக்காவின் ஒக்லஹோமாவைச் சேர்ந்த ஒசேஜ் பழங்குடிக்காரர். அவர் இறந்தபின், அங்குள்ள எண்ணெயில் அவருக்கிருந்த பங்கின் வருமானம் அக்காவுக்கு வந்துகொண்டிருந்தது. அந்தப் பங்கைத் தன் முதல் கலியாணத்து மகளுக்கு எழுதவேண்டும் என்றார்.

"அவர் தூக்கி வளர்த்த பிள்ளை, தம்பி. இதையாவது அவளுக்கு வைக்கவேணும்."

புருஷன் சொத்து, எழுதினால் முடிந்தது என்று டைப் செய்து வைத்துவிட்டேன். சொலிசிட்டர் சிவா அண்ணை அதைப் பார்த்தார்.

"உது எந்த ஊர்ச் சட்டத்திலை எழுதினனீர்? அங்கை ஃபாக்ஸ் போட்டுக் கேட்டனீரோ?"

கேட்கவில்லை. ஒக்லஹோமா வக்கீலின் பதில் வந்தபோது வெட்கமாகப் போய்விட்டது. அங்கே தரை யாருக்கும் சொந்தமாகலாம். அடியிலுள்ள எண்ணெய் ஒசேஜ் மக்களுக்குப் பொது. அதன் வருமானத்தில்தான் பங்கு. கலியாணத்தாலும் உயிலாலும் பங்குகள் வெளியே போய்க்கொண்டிருந்ததால், சட்டத்தைத் திருத்தி அந்த வழியை அடைத்திருந்தார்கள். ஒசேஜ் அல்லாத மனைவிக்குச் சாகும்வரை வருமானம். பிறகு பங்கு ஒசேஜ் வாரிசுகளுக்கே.

அக்காவிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. 'லைஃப் எஸ்டேட்', ஆயுள்வரை மட்டும் உரிமை, என்று தொடங்கினேன். அவர் முகம் கடுகடுத்தது.

"பதினாறு வருசம் அவரோடை குடும்பம் நடத்தினனான். என்னை வெளியாள் எண்டே சொல்லுறாங்கள்?"

ஆங்கிலச் சொல் எனக்கு உதவவில்லை. "அக்கா, அது உங்கடை தேடியதேட்டம் இல்லை. அவரின்ரை முதுசொம்" என்றேன்.

தேடியதேட்டம் கலியாணத்துக்குப் பிறகு சம்பாதித்தது. முதுசொம் பரம்பரையாக வந்தது. எங்கள் யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில் அது வந்த பக்கத்துக்கே திரும்பும். அக்கா உயில் தாளைத் தன் பக்கம் இழுத்தார்.

"ஓம். என்ரை அப்பான்ரை வளவுக்காணியை முதல் புருசன்ரை ஆக்கள் கேட்டு வரேக்கை, நானும் இதைத்தானே சொன்னனான். முதுசொம், தர ஏலாது எண்டு."

என் பேனாவை வாங்கி, எண்ணெய்ப் பங்கு பற்றிய வரியைத் தானே வெட்டினார்.

"லூயிஷாம் வீடு என்ரை தேடியதேட்டம்தானே? அதைப் பிள்ளைக்கு எழுதும்."

நான் முதலில் எழுதிய உயில் அப்படியே கையெழுத்தாகியிருந்தால், தாயும் போனபின் மகள் தனக்கு உரிமையில்லாத சொத்துக்காக ஒக்லஹோமாவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்திருப்பாள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: சொத்து யாருக்குப் போகவேண்டும் என்று எழுதுமுன், அது எந்த வழியால் வந்தது என்று கேளுங்கள்.