ரேடியோவை அணைத்தவள்

எங்கள் அக்காவுக்கு வாய் அதிகம். நான் சொல்லவில்லை, அவளே சொல்வாள். கல்லூரி வாசலில் காவலுக்கு நிற்கிறவளுக்கு இவ்வளவு பேச்சு எதற்கு என்று கேட்டால், "கம்பி மாதிரி நிக்கறதுக்குக் கம்பியே போதுமே, நான் எதுக்குடி?" என்பாள். உள்ளே வருகிறவர்களின் அடையாள அட்டையைப் பார்ப்பதுதான் அவள் வேலை. அவள் அட்டையைப் பார்த்து நான் கண்டதில்லை. ஆளைப் பார்ப்பாள், நடையைப் பார்ப்பாள், ஒரு பட்டப்பெயரை வைத்துவிடுவாள். குடைக்காரன், தூங்குமூஞ்சி, கடைசி பஸ், ரெட்டைப் பை. யாருடைய நிஜப் பெயரும் அவளுக்குத் தெரியாது.

அதே வாசலுக்கு உள்பக்கம் எனக்கு ஒரு டீக்கடை. கடை என்பது கொஞ்சம் அதிகம். ஒரு தகரப் பெட்டி, ஒரு அடுப்பு, ஜூஸ் போட ஒரு மிக்ஸி. அக்கா நிற்கிற இடத்திலிருந்து சாதாரணமாகப் பேசினாலே எனக்குக் கேட்கும். அவளைப் பற்றி நான் சொல்வது எதுவும் கேள்விப்பட்ட சங்கதி இல்லை.

ரேடியோ என்று அவள் பெயர் வைத்த பெண் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் விட்டால் கண்ணில் படாத ஒல்லி உருவம். ஆனால் அந்தக் குரல் இருக்கிறதே, தொண்டைக்குள் மணலைக் கொட்டி வைத்த மாதிரி ஒரு கரகரப்பு. ஒருதரம் கேட்டால் மறக்காது. முதல் வருஷத்தில் ஒருநாள் அக்கா நொண்டுவதைப் பார்த்து நின்று விசாரித்தாள். அன்றிலிருந்து, "அக்கா, முட்டி எப்படி இருக்கு?" என்று கேட்காமல் அவள் உள்ளே போனதே இல்லை. அக்கா பெற்ற பிள்ளை அந்த முட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவன் கேட்பதெல்லாம் சார்ஜர் எங்கே என்பதுதான். அதனால் அக்காவுக்கு அந்தப் பெண்ணின் மேல் உயிர். ஒருநாள் அவள் வரவில்லையென்றால் என் கடைக்கு வந்து மூன்று முறை புலம்பிவிட்டுப் போவாள்.

அந்த வருஷம் ஒரு வாத்தியாரைக் கல்லூரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வகுப்பில் அரசாங்கத்தைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டாராம். ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்கப் பிள்ளைகள் கூடினார்கள். அனுமதி இல்லாமல் வளாகத்துக்குள் யாரும் கூடிப் பேசக்கூடாது என்று மறுநாளே நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒட்டினால் சும்மா இருக்கிற வயசா அது? நூலகத்துப் படிக்கட்டு முழுக்க வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எல்லோர் முகத்திலும் துணி. அதில் ஒரு பெண் கை மைக்கைப் பிடித்துப் பேசினாள்.

"எங்க வாத்தியார் சொன்னது தப்புன்னா, எது தப்புன்னு நீங்களும் வந்து பேசுங்க. கேக்கறோம். யாருமே பேசக்கூடாதுன்னா இது எதுக்குக் காலேஜு?"

வாசல்வரை கேட்டது, அதே மணல் கரகரப்பு. அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன்.

அந்தப் பேச்சை யாரோ படம்பிடித்து அனுப்ப, அது ஊரெல்லாம் சுற்றியது. துணி நழுவி முகம் தெரிந்த இரண்டு பையன்களைக் கல்லூரியை விட்டே நீக்கினார்கள். பரீட்சையும் கிடையாது, வேறு கல்லூரியும் சேர்த்துக்கொள்ளாது. மைக் பிடித்த பெண் யார் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை.

காவலாளிகளுக்கெல்லாம் மேலே ஒரு அதிகாரி. அக்கா அவருக்கு வைத்த பெயர் பெரிய தொப்பி. அவர் அந்த வீடியோவை ஓடவிட்டு ஓடவிட்டுக் கேட்டதில், பார்க்கிறவர்களிடமெல்லாம் அதே பேச்சாக இருந்தார். ஒருநாள் சாயங்காலம் அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சொன்னாள்.

"யாருன்னு கேட்டாரு. முகம் தெரியலையே சார்னு சொன்னேன். நடையை வெச்சே ஆளைச் சொல்றவளாமே நீ, என்கிட்டயே கதை விடறியான்னாரு. நாளைக்குக் காலைல பக்கத்துல நிப்பாராம். அவ வரும்போது நான் என் தொப்பியைத் தொட்டாப் போதுமாம்."

"தொடலைன்னா?"

"மாசம் முடிஞ்சதும் யூனிஃபார்மைத் துவைச்சுக் கொண்டுவந்து குடுத்துடுன்னுட்டாரு."

அவள் சம்பளத்தில்தான் வீட்டு வாடகை. என் கடையில் வருவது சாப்பாட்டுக்குத்தான் சரியாகப் போகும். நான் மழுப்பிப் பேசுகிற ஆள் இல்லை. "தொட்டுட்டுப் போயேன்," என்றேன். "நீயா அவளை மைக்கைப் பிடிக்கச் சொன்னே? அவங்க வீட்ல நாலு காசு இருக்கும், எப்படியாவது பொழைச்சுப்பாங்க. உன்னை யாரு தூக்கி நிறுத்துவா?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுப் படி ஏறும்போது சொன்னாள்: "அவ என் முட்டியைக் கேட்டவடி."

காலையில் அவளிடம் ஒரு யோசனை இருந்தது. தொப்பியைத் தொடமாட்டாள். ரேடியோ வரும் பக்கமே பார்க்கமாட்டாள். கண்டும் காணாமல் நின்றுவிட்டால் அந்தப் பெண் கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே போய்விடுவாள். முன்கூட்டி எச்சரிக்கலாம் என்றால் எங்களிடம் நம்பர் இல்லை. நான் பஸ் நிறுத்தத்தில் போய் நிற்கலாமா என்று எட்டிப் பார்த்தேன். அங்கேயும் அதிகாரியின் ஆள் ஒருவன் காலைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.

பெரிய தொப்பி அக்காவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். அக்காவின் தொப்பி அவள் தலைக்குக் கொஞ்சம் பெரிசு. நிமிஷத்துக்கு ஒருமுறை அதைத் தள்ளி விட்டுக்கொள்வது அவள் பழக்கம். அன்றைக்கு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றாள். தொப்பி இறங்கி இறங்கிப் புருவத்தில் வந்து உட்கார்ந்தது. வியர்வை வழிந்து கண்ணுக்குள் போகிறது, துடைக்கவில்லை. எனக்கு இங்கே பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை.

ரேடியோ வந்தாள். அக்கா சட்டென்று எதிர்ப்பக்கச் சுவரைப் பார்த்தாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வந்து, இவள் முகத்தைத் திருப்பியதைப் பார்த்து, ஒரு மாதிரியாகி, அப்படியே உள்ளே நடந்தாள். என் கடையைத் தாண்டிவிட்டாள். அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது.

பத்தடி போனவள் நின்றாள். போய்த் தொலையக் கூடாதா? மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. நேராகத் திரும்பி வந்து அக்காவின் முன்னால் நின்றாள்.

"அக்கா, என்மேல..."

கோபமா என்று கேட்க வந்திருப்பாள். பெரிய தொப்பியின் தலை நிமிர்ந்தது. அந்தக் கரகரப்பை ஒரு வாரமாகக் காதில் வைத்துக்கொண்டு திரிகிறவர் அவர்.

"வாயை மூடுடி," என்றாள் அக்கா.

வாசலே திரும்பிப் பார்த்தது. "கார்டு எங்கே? கழுத்துல மாட்டணும்னு எத்தனை தடவை சொல்றது? தினமும் அக்கா நொக்கான்னு வந்து பல்லைக் காட்டினா உள்ள விட்டுடுவேன்னு நினைப்பா? நான் என்ன உனக்கு ஒட்டா உறவா? ஒரு வார்த்தை பேசினே, வெளியே நிறுத்திடுவேன். போ உள்ள. பேசாம போ."

அந்தப் பெண் பதில் சொல்ல வாயெடுத்தாள். அக்கா விடவில்லை. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக் கத்தினாள். அவள் குரலுக்கு மேலே வேறு குரல் எழும்ப இடமே இல்லை. கடைசியில் அந்தப் பெண் பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

"யாரும்மா அது?" என்றார் பெரிய தொப்பி.

"கார்டு போடாத கழுதை சார். தினமும் இதே ரோதனை."

"குரல் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்துச்சே."

"நான் கத்தினதுல எனக்கு எதுவுமே கேக்கலை சார்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். நம்பினார் என்று நான் சொல்லமாட்டேன். மாசக் கடைசிவரை டைம் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு போனில் அந்தப் பேச்சை ஓடவிட்டுக் காதில் வைத்துக்கொண்டு நேரம் காலம் இல்லாமல் வாசல் பக்கம் வருவார்.

மறுநாளிலிருந்து ரேடியோ அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு உள்ளே போனாள். முட்டி என்ற பேச்சே இல்லை. அக்காவும் முன்பு போல் யாரிடமும் வாய் கொடுப்பதில்லை. அவள் அப்படி நிற்பதைப் பார்க்க எனக்கு ஆற்றாமையாக இருந்தது. விஷயத்தை நான் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். "சொல்லாதே. தெரிஞ்சா ஓடி வந்து பேசுவா. அவளுக்கு வாய் நிக்காது," என்றாள். "பரீட்சை முடியட்டும். என்னை எப்படி வேணா நினைச்சுக்கட்டும்."

தொட்டுவிட்டுப் போயிருக்கலாம் என்றுதான் நான் அவளிடம் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன், நேற்று வரைக்கும்.

நேற்று மத்தியானம் பெரிய தொப்பி என் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். போன் பெட்டியின் மேல் இருந்தது, அந்தப் பேச்சு சின்னதாக ஓடிக்கொண்டிருந்தது. ரேடியோ வந்து அவருக்கு முதுகுப் பக்கம் நின்றாள். வாசல் பக்கம் ஒருதரம் பார்த்தாள். அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் என் பக்கம் குனிந்து வாயைத் திறந்தாள். என்ன கேட்கப் போகிறாள் என்று எனக்குத் தெரியாதா?

நான் மிக்ஸியைப் போட்டேன். முழு வேகத்தில் போட்டு, மூடியைக் கையால் அழுத்திக்கொண்டு, போ போ என்று கண்ணால் விரட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், அவர் முதுகைப் பார்த்தாள், பெட்டிமேல் இருந்த போனைப் பார்த்தாள். அப்புறம் வாசலில் இருந்த அக்காவை வெகுநேரம் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

"ஏம்மா," என்றார் பெரிய தொப்பி, "காலி ஜாரை வெச்சு என்னத்தை அரைக்கறே?"

"கழுவறேன் சார்," என்றேன். ஜாரில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றி மறுபடியும் மிக்ஸியைப் போட்டேன்.