பழைய கண்ணுக்கு ஐந்து நாள்

காகிதத்தின் ஒரு மூலையை நகத்தால் நெம்பி, இரண்டு விரல்கடை தூக்கி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி படுக்கவைக்கிறாள். மரக்கரண்டியின் முதுகால் இன்னும் பத்துத் தேய்ப்பு. மறுபடி மூலை. "இன்னும் பிடிக்கல அக்கா. இல்ல, பிடிச்சிருச்சு. இல்ல இல்ல, இருங்க." மை தடவிய பலகைமேல் காகிதத்தைப் போட்டு முதுகில் தேய்த்தால் படம் ஏறும். ஏறிவிட்டதா என்று ஒரு தடவை தூக்கிப் பார்த்தால் போதும். இவள் ஒரு தாளுக்கு ஏழெட்டுத் தடவை பார்ப்பாள். ஒரு அச்சு யந்திரம் வாங்கிக்கொள்ளேன் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். யந்திரத்துக்குள் போன தாளின் மூலையைத் தூக்கிப் பார்க்க முடியாதாம்.

எங்கள் கட்டடத்தில் நான் இரண்டாவது மாடி, அவள் மூன்றாவது. வயது ஐம்பத்து நாலு. லிஃப்ட் பொத்தானில் எப்போதும் ஒரு கறுப்பு விரல் அடையாளம் இருக்கும். அதைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போன காவலாளி வைத்த பெயர் 'மைக்கை'. அவளே இப்போது கதவைத் தட்டி, "மைக்கை வந்திருக்கேன்" என்றுதான் சொல்கிறாள்.

மூலையைத் தூக்கும் பழக்கம் தாளோடு நின்றால் பரவாயில்லை. அடுப்பில் இருக்கிற பாத்திரத்தின் மூடியைத் தூக்குவாள், ஒட்டின கடிதத்தின் ஓரத்தைப் பிரிப்பாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் கண் அசந்த கணவரின் போர்வையை ஓரமாக விலக்கி மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். அவர் தராசு பழுது பார்க்கிறவர். பொறுமைசாலி. "வருதும்மா, வருது" என்று கண் திறக்காமலே சொல்லிவிட்டுப் புரண்டு படுப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அச்சுக்காரர்களுக்கு உலகமே இடவலம் மாறித்தான் இருக்கும். பலகையில் இடப்பக்கம் வெட்டினால் தாளில் வலப்பக்கம் விழும். முப்பது வருஷமாக மனசுக்குள் எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் போட்டு, இவளுக்கு எது எந்தப் பக்கம் என்பதே குழம்பிவிட்டது. டாக்ஸியில் இவள் வழி சொன்னால் போய்ச் சேர மாட்டோம். அதனால் வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் நீட்டுவாள். அதுவும் சில சமயம் தப்பாகப் போகும்.

போன மாதம் அவளுடைய வலது கண்ணுக்குப் புரை ஆபரேஷன். இரண்டு கண்ணிலும் புரை. முதலில் வலது, சில வாரம் விட்டு இடது. அன்று காலை நான் மேலே போனபோது மைக்கை கண்ணாடி முன் நின்றிருந்தாள். டாக்டர் தப்பான கண்ணில் கைவைத்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, தானே புருவத்துக்கு மேல் அச்சு மையால் பெரிதாக ஒரு புள்ளி வைத்திருந்தாள். வைத்தது இடது புருவத்தில்.

"ஏன் இந்தப் பக்கம் வச்சே?"

"கண்ணாடியில எல்லாம் மாறித்தானே அக்கா தெரியும்? அதான் மாத்தி வச்சேன்."

என்னத்தைச் சொல்ல. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அம்மா ஸ்பிரிட் போட்டுத் தேய்த்துப் பார்த்தார், மை அசையவில்லை. "உங்க புள்ளியப் பார்த்தா நாங்க வெட்டறோம்?" என்று சிரித்துக்கொண்டே வலது பக்கத்தில் தங்கள் அடையாளத்தை ஒட்டினார். இவள் சிரிக்கவில்லை. உள்ளே கொண்டுபோகும் வரைக்கும், "வலது, வலது" என்று எதிரில் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண்ணில் போட்ட கட்டை மறுநாள் காலையில் அவிழ்ப்போம், அதுவரை தொடக்கூடாது என்றார்கள். வீடு திரும்பியதும் கணவர் மருந்துக் கடைக்குப் போக, நான் காவலுக்கு உட்கார்ந்தேன். தண்ணீர் எடுக்க அடுக்களைக்குப் போய்த் திரும்ப எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? அதற்குள் நகம் கட்டின் ஓரத்தைத் தூக்கிவிட்டது. திட்டுவதற்கு வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

"அக்கா, யார் இதுல இவ்வளவு நீலத்தைக் கொட்டினது?"

அறைக்குக் குறுக்கே கட்டிய கயிறுகளில் கிளிப் மாட்டித் தொங்கிய தாள்களைத்தான் கேட்டாள். அந்த வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மொட்டை மாடிகள், தண்ணீர்த் தொட்டிகள், காயும் துணிகள், மேலே பெரிய வானம். முதலில் பலகையில் கொஞ்சம் வெட்டி சாம்பல் நிறத்தில் அச்சு. பிறகு அதே பலகையை மேலும் வெட்டி, அதே தாள்கள்மேல் கறுப்பு அச்சு. இரண்டாவது முறை வெட்டியபின் முதல் அச்சை இனி எடுக்கவே முடியாது. எத்தனை தாள் போட்டோமோ அத்தனைதான். முப்பது வேண்டும், கெட்டுப்போனால் இருக்கட்டும் என்று முப்பத்திரண்டு போட்டாள். வானத்தை மட்டும் அச்சிடாமல், ஒவ்வொரு தாளிலும் நீர்வண்ணத்தில் கையால் தீட்டுவாள். தாளை ஒரு அட்டைமேல் வைத்துச் சாய்த்து, நனைத்து, மேலிருந்து நீலத்தை இறக்கிவிடுவாள். முப்பதும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல இருக்க வேண்டும். கண்காட்சிக் கூடம் நடத்துகிற அம்மா கேட்டதும் அதைத்தான்: "எனக்கு உங்க நீலம் வேணும். முப்பதுலயும் அதே நீலம்."

ஆபரேஷனுக்கு முன் பதினெட்டு வானம் முடிந்திருந்தது. மிச்சத்தையும் முடித்துவிட்டுத்தான் போக நினைத்தாள். வேறு யாரோ நோயாளி வராமல் போனதால் ஆஸ்பத்திரியில் தேதியை முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள்.

"நீதான்மா தீட்டினே" என்றேன்.

"நானா? இது கத்துது அக்கா. நான் இப்படிப் போடவே மாட்டேன்."

மறுநாள் கட்டை அவிழ்த்தபின் டாக்டர் விளக்கினார். புரை பழுத்த கண்ணுக்கு எல்லாம் மஞ்சள் படிந்து தெரியும். நீலம் மங்கிப்போகும். மங்கினது தெரியாமல் கை கூடக்கூட நீலம் சேர்த்திருக்கும். எத்தனை நாளாக என்று கேட்டாள். மூணு வருஷம் இருக்கலாம் என்றார். அந்த மூன்று வருஷமாகத்தான் எல்லோரும் அவளுடைய நீலத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் என்னைத்தான் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. ஏன் சொல்லல?"

தெரிந்துதான் இருந்தது. வருஷத்துக்கு வருஷம் வானம் கனத்துக்கொண்டே போவதை நான் பார்த்தேன். "பாணின்னு நினைச்சேன்" என்றேன். அசட்டுப் பதில். பெரிய ரசிகைபோல இரண்டு முறை பாராட்டி எழுதியும் இருக்கிறேன். எனக்கு என்மேலேயே கோபம் வந்தது.

அன்று மாலை அவள் கணவரையும் உற்றுப் பார்த்தாள். "எப்பங்க இவ்வளவு நரைச்சுது?"

"பத்து வருஷமா நரைச்சிட்டுத்தான் இருக்கு." அவர் சிரித்தார். ஆனால் கொஞ்ச நேரம் கழித்து, குளியலறைக் கண்ணாடி முன் நின்று தலையைத் தடவிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

ஒரு வாரம் குனியக்கூடாது, ஓய்வு. மைக்கை ஓய்வெடுத்த லட்சணத்தைக் கேட்காதீர்கள். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்ப்பது, மாற்றி மூடிப் பார்ப்பது, இதே வேலை. "இதுல சுவர் வெள்ளை. இதுல சுவர் டீ." டாக்டர் சரி என்றபின் பத்தொன்பதாவது தாளை எடுத்தாள். கிண்ணங்களில் கலவையைச் சரியாகத்தான் கலந்தாள். ஆனால் ஈரத்தாளில் தூரிகை பட்டதும், புதுக்கண் அந்த நீலத்தைப் பார்த்து மிரண்டது. பாதியில் நிறுத்திவிட்டாள். காய்ந்தபோது வெளிறிக் கிடந்தது.

தராசுக்காரர் தன்னால் ஆனதைச் செய்தார். நகைக்கடைத் தராசு ஒன்றைக் கொண்டுவந்து, "எத்தனை வண்ணம், எத்தனை தண்ணின்னு சொல்லு. நான் நிறுத்துத் தரேன்" என்றார். நிறுத்தும் பார்த்தார்கள். இன்னொரு தாள் போனது. கிண்ணத்தில் சரியாக இருந்தாலும், எந்த இடத்தில் எவ்வளவு இறக்குவது என்று கண்தானே சொல்ல வேண்டும்? இரண்டு உபரித் தாளும் தீர்ந்தது. பன்னிரண்டு பாக்கி. இனி ஒன்றுகூடக் கெடக்கூடாது.

வெளிறின தாளை ஜன்னலில் வைத்துப் பார்த்தாள். "உண்மையைச் சொல்லுங்க அக்கா. வானம் இப்படித்தான் இருக்கா?"

நான் வெளியே பார்த்தேன். பலமுறை துவைத்த சட்டையின் நீலம். "இப்படித்தான் இருக்கு."

"அப்போ நான் மூணு வருஷமா எதைப் போட்டேன்?"

அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. இடது கண்ணுக்குத் திங்கட்கிழமை. அன்று புதன். போனை வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினாள். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, புதனில் மீதி. அரை நாளையும் சேர்த்து ஐந்து.

"திங்கட்கிழமைக்கு அப்புறம் இந்த நீலம் யாருக்கும் தெரியாது அக்கா. எனக்கே தெரியாது."

தள்ளிப்போடச் சொல்லேன் என்றேன். தள்ளிப்போட்டால் மூன்று மாதம் ஆகும், அதற்குள் புரை முற்றிவிடும் என்று டாக்டர் முன்பே பயமுறுத்தியிருந்தார். அதிலும் அவளுக்கு நடுக்கம்.

ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் கண்மூடி கொடுத்திருந்தார்கள். தூங்கும்போது கண்ணைத் தேய்க்காமலிருக்க. அதன் உள்பக்கம் கறுப்புக் காகிதத்தை ஒட்டி, நாடா கோத்து, நன்றாகத் தெரிகிற கண்ணின்மேல் கட்டிக்கொண்டாள்.

"அடிப்பாவி, நல்ல கண்ணைக் கட்டிக்கிட்டுப் புரைக்கண்ணால வேலை செய்யற ஒரே ஆள் நீதான்" என்றேன்.

"திட்டுங்க. ஆனா பக்கத்துல இருங்க."

இருந்தேன். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. தூரிகை தண்ணீர்க் குவளையைத் தாண்டிப் போய் மேஜையைக் குத்தும். அதனால் கணவர் குவளையைத் தூரிகைக்கு நேராகக் கொண்டுபோய்ப் பிடித்தார். ஐந்து நாள் கடைக்குப் போகவில்லை. காலை வெளிச்சத்தில் இரண்டு வானம், சில நாள் மூன்று. இறக்கிய நீலம் காய்கிற வரைக்கும் அவள் நகத்தைக் கடிப்பாள். பாதி ஈரத்தில் மூலையைத் தூக்கப் போவாள். நான் கையில் ஒன்று போடுவேன். வெள்ளிக்கிழமை ஒரு வானத்தில் சொட்டு விழுந்து, "போச்சு, போச்சு" என்று அப்படியே உறைந்துவிட்டாள். கணவர் பஞ்சின் நுனியை நீட்டினார். ஒற்றி எடுத்தாள். போகவில்லை, தப்பித்தது.

ஞாயிறு மதியம் முப்பதாவது காய்ந்தது. எல்லாவற்றையும் தரையில் பரப்பினோம். தராசுக்காரர் புதுசு பன்னிரண்டின் பின்புறமும் பென்சிலால் சின்னப் புள்ளி வைத்துவிட்டு, சீட்டுக்கட்டுபோல முப்பதையும் கலைத்து அடுக்கினார். "அக்கா, பொய் சொல்லாம எடுங்க" என்றாள் மைக்கை. "எது ஆபரேஷனுக்கு முன்னால, எது பின்னால?"

நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இவைதான் புதுசு என்று ஐந்து தாளைத் துணிந்து எடுத்தேன். திருப்பிப் பார்த்தால் மூன்றில் புள்ளி இல்லை. அவள் கண்மூடியை அவிழ்த்துப் புதுக்கண்ணால் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். "எல்லாம் ஒரே மாதிரி கத்துது" என்றாள். வாரம் முழுக்கத் தூக்கிவைத்திருந்த தோள் அப்போதுதான் கொஞ்சம் இறங்கியது.

திங்கட்கிழமை காலை டாக்ஸி கீழே வந்து ஹாரன் அடித்தது. வழியனுப்ப நான் மூன்றாவது மாடியில் நின்றிருந்தேன். இந்தத் தடவை புருவத்தில் புள்ளி இல்லை. கணவர் பையைத் தோளில் மாட்டி, கதவைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினார். மைக்கை நகரவில்லை. உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, மிச்சமிருந்த பழைய கண்ணால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவருக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. விளங்கியதும் பையை இறக்கித் தரையில் வைத்தார். தலையைக் கையால் ஒதுக்கி, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, நேராக நின்றார். கீழே ஹாரன் இன்னொரு தடவை அடித்தது. அவள் கையை எடுக்கவில்லை.